டிஷ் எண்ணிக் கண்டுபிடித்த வர்க்கம்

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவருக்கு ஒரு முடிவுக்கு வருவது சுலபம். லயக் கூரைகளின் மேல் டிஷ் அன்டெனா, லீசிங்கில் எடுத்த த்ரீவீல், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை, அங்கங்கே முன்பக்கச் சுவரில் டைல்ஸ். இதைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்புகிறவர்கள் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்: மலையகம் மாறிவிட்டது; தோட்டத்திலிருந்து ஒரு நடுத்தர வர்க்கம் எழுந்துவிட்டது; இனி அந்த வர்க்கமே மிச்சப் பேரையும் மேலே இழுத்துக்கொள்ளும்; பழைய துயரத்தை இன்னும் பாடிக்கொண்டிருப்பது தொழிற்சங்கக்காரர்களின் பிழைப்பு.

2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டு நினைவுகூரப்பட்டபோது இந்தக் குரல் பல மேடைகளில் கேட்டது. சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கம்பனிகளுக்குப் பரிந்து பேசுகிறவர்களும் இதையே வேறு சுருதியில் சொல்கிறார்கள்: தோட்டத்துப் பிள்ளைகள் கொழுந்தெடுக்க வராததற்குக் காரணம் அவர்களுடைய வசதி கூடிவிட்டதுதான் என்று. மலையகத்தின் படித்தவர்களே இதை நம்புவதுதான் கூடுதல் கவலை. தாங்கள் ஏறி வந்த படியைத் தங்கள் சமூகமே ஏறி வந்த படியாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

டிஷ்ஷும் உண்டு, த்ரீவீலும் உண்டு. அவற்றை வைத்து ஒரு வர்க்கத்தை எண்ணலாமா என்பதுதான் வழக்கு.

இந்தக் கணக்குப் பிழை உலகத்துக்குப் புதிதல்ல. 2011இல் ஆபிரிக்க அபிவிருத்தி வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆபிரிக்கர்களில் மூன்றில் ஒருவர், அதாவது முப்பது கோடிக்கு மேற்பட்டவர்கள், நடுத்தர வர்க்கத்தினர் என்றது அது. பத்திரிகைகள் கொண்டாடின, கம்பனிகள் முதலீட்டுப் பெட்டியோடு புறப்பட்டன. அந்த அறிக்கையின் அளவுகோலோ நாளுக்கு 2 டொலரிலிருந்து 20 டொலர் வரை செலவழிப்பவர் எல்லோரும் நடுத்தரம் என்பது. எண்ணப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கினர் 2 முதல் 4 டொலர் வரை செலவழிப்பவர்கள். அறிக்கையே அவர்களை மிதப்பவர்கள் என்று தனியாகக் குறித்திருந்தது. ஒரு நோயோ ஒரு வரட்சியோ வந்தால் மறுபடி வறுமைக்குள் விழக்கூடியவர்கள். தலைப்புச் செய்தி எழுதியவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான்கே ஆண்டில், 2015இல், நெஸ்லே கம்பனி 21 ஆபிரிக்க நாடுகளில் தன் ஊழியர்களில் 15 வீதத்தினரைக் குறைப்பதாக அறிவித்தது. அந்தக் கண்டம் அடுத்த ஆசியாவாகும் என்று நம்பினோம், நடுத்தர வர்க்கம் நினைத்ததைவிட மிகச் சிறியது என்பதைக் கண்டுகொண்டோம் என்ற பொருளில் அதன் அதிகாரி பேசினார். கொள்கை ஆய்வாளர்கள் தப்புக் கணக்குப் போட்டால் அவர்களுக்கு நட்டமில்லை. பால்மா விற்கிறவனுக்கு உண்டு. அதனால் உண்மை அங்கிருந்து முதலில் வந்தது.

பதுளை அடங்கிய ஊவாவிலும் மலையகம் முழுவதிலும் அதே கணக்கு வேறு எண்களோடு நடந்திருக்கிறது.

மலையகம் எழுந்துவிட்டது என்பவர்கள் முதலில் எடுத்துப் போடுவது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வறுமைக் கணக்கு. 2006/07இல் தோட்டத்துறையில் 32 வீதம், 2009/10இல் 11.4, 2016இல் 8.8. பத்து ஆண்டில் மூன்றில் ஒருவர் என்பது பதினொருவரில் ஒருவராகிவிட்டது. பார்த்தவர் மூக்கில் விரல் வைக்கும் சாதனைதான். ஆனால் 2016இன் வறுமைக்கோடு ஒருவருக்கு மாதம் 4,166 ரூபா, நாளுக்கு 139 ரூபா. 140 ரூபா செலவழித்தவர் அந்தக் கணக்கில் வறியவர் அல்ல. பழைய உணவுக் கூடையை வைத்துப் போட்ட கோடு அது. பின்னர் திணைக்களம் கோட்டைப் புதுப்பித்தது. அந்தப் புதிய கோட்டின்படி 2019இல் தோட்டத்துறையின் வறுமை 33.8 வீதம், நாடு முழுவதற்கும் 14.3.

மூன்று ஆண்டில் 8.8 என்பது 33.8 ஆனது. இடையில் தோட்டங்களில் பஞ்சம் எதுவும் வரவில்லை. அதே லயம், அதே கொழுந்துக் கூடை. அளவுகோல் மட்டும் மாறியது. பத்து ஆண்டுகளாகக் கொண்டாடப்பட்ட எழுச்சியின் பெரும்பகுதி கோட்டுக்கு அரை அங்குலம் மேலே நின்ற மக்கள் கூட்டம் என்பதுதான் இதன் பொருள். ஆபிரிக்க அறிக்கையின் மிதப்பவர்கள் பசறையிலும் மடுல்சீமையிலும் இருந்தார்கள். இங்கே யாரும் அவர்களுக்குத் தனிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வருமானத்தை விட்டுவிட்டுக் கல்வி, சுகாதாரம், வாழ்க்கை நிலை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பல்பரிமாண வறுமைக் கணக்கும் 2019க்கு உண்டு. நாட்டில் 16 வீதம். தோட்டத்துறையில் பாதிக்கு மேல். 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தேசிய அளவு 17.3. டிஷ் அன்டெனா இருக்கும் கூரையின் கீழ்தான் அந்தப் பிள்ளைகளும் வளர்கிறார்கள்.

2022 வந்தது. ரூபா சரிந்தது, மாவும் பருப்பும் இரண்டு மூன்று மடங்கு விலையேறின. நாட்டின் வறுமை ஒரே ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பாகி 25 வீதத்தைத் தொட்டது என்று உலக வங்கி மதிப்பிட்டது. தோட்டப் பகுதிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் கோட்டுக்குக் கீழே என்றது. அசலான நடுத்தர வர்க்கத்தையும் நெருக்கடி வாட்டும். காரை விற்பார்கள், பிள்ளையைத் தனியார் வகுப்பிலிருந்து நிறுத்துவார்கள். ஒரே ஆண்டில் மூன்று வேளைச் சாப்பாட்டை இரண்டாக்கிக் கொள்கிறவர்களை அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். சம்பளம் எங்கேயோ போய்விட்டதே என்பது அடுத்த வாதம். 2021இல் 1,000 ரூபா. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்து, கம்பனிகள் நீதிமன்றம் போய், கடைசியில் செப்டெம்பரில் 1,350இல் நின்றது. சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 25 நாளும் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்தால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் 31,050. கணவனும் மனைவியும் இருவரும் தோட்டத்தின் செக்ரோல் பெயர்ப்பட்டியலில் இருந்து, இருவரும் ஒரு நாள்கூடத் தவறாமல் வேலைக்குப் போனால் 62,100. அந்த ஆண்டின் கடைசியில் அரசாங்கத்தின் வறுமைக்கோடு ஒருவருக்கு மாதம் 16,000 ரூபா அளவில் இருந்தது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 64,000. நாட்டின் புகழ்பெற்ற ஏற்றுமதித் தொழிலில் இரண்டு முழுநேர ஊழியர்கள் உள்ள வீடு, வறுமைக்கோட்டுக்கு 1,900 ரூபா கீழே நிற்கிறது.

2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் இதை 1,750 ஆக்கியது: 1,550 நாட்சம்பளம், 200 அரசு தரும் வரவுக் கொடுப்பனவு. அதே கணக்கில் இருவருக்கும் சேர்த்து 81,300 வரும். நால்வர் உள்ள வீடு கோட்டைத் தாண்டும். வீட்டில் ஓர் அம்மாயி இருந்துவிட்டால் ஐவருக்கு 80,000, மிச்சம் 1,300. முன்னேற்றம்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 25 நாளும் வேலை கொடுக்கிற தோட்டம் எது, எடுக்க வேண்டிய நிறை எவ்வளவு, நிறை குறைந்தால் அரைப் பேர் போடுகிறார்களா என்று லயத்தில் கேட்டால் கணக்கு வேறு மாதிரிப் போகும். 1,000 ரூபா வந்த வேளையில் பல தோட்டங்களில் கொழுந்து நிறையைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள் என்ற முறைப்பாடு மலையகம் முழுக்க எழுந்தது. சம்பளம் கூடியது என்பது வர்த்தமானியில் இருக்கும் செய்தி. கையில் எவ்வளவு வந்தது என்பது சம்பளத் துண்டில் இருக்கும் செய்தி.

அப்படியானால் டிஷ்ஷும் த்ரீவீலும் எங்கிருந்து வந்தன? தேயிலையிலிருந்து வரவில்லை. புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் மகனும், குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலை செய்யும் மகளும், ஆடைத் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்யும் தங்கையும் அனுப்பும் பணம் அது. போதாததற்கு லீசிங், நகை அடகு, நுண்கடன், சீட்டு. இதில் எந்த வருமானமும் அடுத்த மாதம் நிச்சயம் என்று சொல்ல முடியாது. மகள் திரும்பி வந்தால், மகன் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போனால், வீடு பழைய இடத்துக்கு வந்துவிடும். கடனில் வாங்கிய தொலைக்காட்சியைச் சொத்தாக எண்ணி ஒரு வர்க்கத்தைப் பிரகடனம் செய்வது, வாசலில் நிற்கும் வாடகைக் காரைப் பார்த்து மாப்பிள்ளைக்கு வசதி இருக்கிறது என்று பெண் கொடுப்பதைப் போன்றது.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்று உண்டு. ஆசிரியர்களைப் பாருங்கள் என்பது அது. பார்க்கத்தான் வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் படித்த தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களாக நியமனம் பெற்றார்கள். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. பதுளை சரஸ்வதியிலும் பசறை தமிழ் தேசிய பாடசாலையிலும் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள், கிராம சேவகர்களாகவும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் ஆனவர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். மலையகத்தின் உண்மையான நடுத்தர வர்க்கம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். இதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட வேலை.

ஆனால் இந்த வர்க்கம் எப்படி வந்தது? சில அரசாங்கத் தீர்மானங்களால் வந்தது. நியமனம் வந்த ஆண்டுகளில் பெருகியது, நின்ற ஆண்டுகளில் நின்றுவிட்டது. 2014, 2015 வாக்கில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறக்குறைய மூவாயிரம் உதவி ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. போராடிய பிறகு 10,000. உயர்தரம் சித்தியடைந்து வகுப்பறைக்குப் போனவர் கொழுந்தெடுக்கும் தன் தாயைவிடக் குறைவாகச் சம்பாதித்தார். மலையகத்தின் நடுத்தர வர்க்கத்துக்கான பிரதான வாசலே அந்த உயரத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. தானாக வளரும் வர்க்கம் என்று இதைச் சொல்கிறவர்கள் நியமனக் கடிதங்களின் திகதிகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு நியாயமாகவே ஒன்று கேட்கலாம். முன்னேறியவர்கள் தோட்டத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். ஹாலிஎலவிலும் பண்டாரவளையிலும் காணி வாங்கி வீடு கட்டியவர்கள் புள்ளிவிபரத்தில் தோட்டத்துறைக்குள் வரமாட்டார்கள். மிஞ்சியவர்களை மட்டும் எண்ணிவிட்டு வறுமை என்கிறீர்களே? உண்மை. தோட்டத்துறை எண்கள் சமூகத்தின் முழு எண்கள் அல்ல. ஆனால் அந்தப் பதில் அவர்களுடைய கட்சியையே கவிழ்த்துவிடுகிறது. முன்னேறுவதற்கு முதல் நிபந்தனை தோட்டத்தை விட்டுப் போவது என்றால், தோட்டத்தில் வளர்ந்த வர்க்கம் என்று எதைச் சொல்கிறார்கள்? போனவர் மிச்சப் பேரை மேலே இழுப்பார் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. அவர் இழுக்க நினைத்தாலும் கீழே பிடிமானம் இல்லை.

தெளிவத்தை ஜோசப்பின் வாழ்க்கையை நினைத்துக்கொள்ளலாம். 1934இல் ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்து அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவில் நின்ற உத்தியோகத்தர் உலகத்தை அவரளவுக்குத் தெரிந்த எழுத்தாளர் வேறு இல்லை. பிற்காலத்தில் அவர் வாழ்ந்ததும் தொழில் பார்த்ததும் கொழும்புப் பக்கத்தில். 2022இல் மறைந்தார். எழுத்தில் கடைசிவரை ஊவா இருந்தது. வீடும் வேலையும் ஊவாவில் இருக்க முடியவில்லை. அவருக்குப் பின் வந்த ஆசிரியர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் அதே பாதைதான்.

நடுத்தர வர்க்கம் இப்போதுதான் எழுகிறது என்பதும் வரலாறு தெரியாத பேச்சு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. அதில் ஒன்று பதுளை, வென்றவர் எஸ். எம். சுப்பையா. கங்காணிக் குடும்பங்கள், கடைக்காரர்கள், கணக்கப்பிள்ளைகள், வாத்தியார்கள் என்று அன்றைக்கும் ஒரு நடுத்தட்டு இருந்தது. அதன் முதுகில் தொழிலாளரின் வாக்குப் பலம் இருந்தது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அந்தத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களும் இல்லை. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. ஊவாவின் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். நாடற்றவர் என்ற நிலை கடைசியாகத் தீர்ந்தது 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான். அன்றைய நடுத்தட்டைக் கலைக்க ஒரு சட்டம் போதுமாக இருந்தது. காரணம், அதன் காலடியில் சொந்த நிலம் இருக்கவில்லை.

நிலம் இன்றைக்கும் இல்லை. மற்ற எல்லா எண்களையும் விட்டுவிட்டாலும் இந்த ஒன்று போதும். தோட்டக் காணி அரசுடையது. 1992க்குப் பின் கம்பனிகளுக்குக் குத்தகையில். லயக் காம்பராவில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்கு அந்தக் காம்பரா மீது உறுதி கிடையாது. உறுதி இல்லாவிட்டால் வங்கியில் வைக்க எதுவும் இல்லை. வங்கி இல்லாவிட்டால் அடகுக் கடையும் நுண்கடன்காரரும். சிங்களக் கிராமத்து ஆசிரியை தகப்பனின் காணியை ஈடு வைத்து வீடு கட்டுகிறார். தோட்டத்து ஆசிரியை அதே சம்பளத்தில் முதலில் பத்துப் பேர்ச் காணி வாங்கவே பதினைந்து வருடம் கடன் கட்டுகிறார். ஒரே பதவி, ஒரே படி, இரண்டு வேறு வர்க்கங்கள்.

முகவரி இல்லாத கதையும் இதோடு சேர்ந்ததுதான். லயத்துக்குக் கடிதம் நேரே வருவதில்லை, தோட்டக் காரியாலயம் வழியாக வருகிறது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த கதை இல்லாத தோட்டம் ஊவாவில் அரிது. 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் ஒரு பாதை போடுவதற்கே சட்டத் தடை இருந்தது. வரி கட்டும் கடைத்தெரு சபைக்கு, லயத்துச் சேறு தோட்டத்துக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. போங்கள் என்று சொன்னார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் தொலைக்காட்சி இருந்தவர்களும், மகன் கொழும்பில் உழைத்தவர்களும் அங்கே இருந்தார்கள். அந்தப் பணம் ஒரு துண்டுக் காணியாக மாற வழியில்லாததால் ஆபத்தென்று தெரிந்த சரிவிலேயே இருந்தார்கள். தப்பியவர்களுக்கு மக்கல்தெனியவில் 75 வீடுகள் கைக்குக் கிடைக்க இரண்டு வருடம் ஆனது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களில் ஒன்று பதுளை. ஒரு மழைக்குத் தாங்காத வீட்டில் இருப்பவரை எந்த வர்க்கத்தில் சேர்ப்பது என்று அறிக்கை எழுதுகிறவர்கள் முடிவு செய்யட்டும்.

வீட்டுத்திட்டம் நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கை பெரிய மாற்றம். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், இப்போது 10,000 வீடுகள். 2025 ஒக்டோபர் 12 அன்று பண்டாரவளையில் ஜனாதிபதியே வந்து 2,000 அளவிலான குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கினார். வரவேற்க வேண்டியது. ஆனால் ஊவாவிலும் மத்திய மாகாணத்திலும் லயத்தில் இருக்கும் குடும்பங்களின் தொகையோடு ஒப்பிட்டால் இந்த வேகத்தில் இன்னும் ஒரு தலைமுறை லயத்திலேயே பிறந்து வளரும். ஏழு பேர்ச் என்பது குடியிருக்கத்தான் போதும், பயிரிட்டுப் பிழைக்கப் போதாது. நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியைச் சிறுதோட்டக்காரர்கள்தான் விளைவிக்கிறார்கள். காலி, மாத்தறைப் பக்கத்தில் கிராமத்து நடுத்தர வர்க்கம் ஒன்று தேயிலையிலிருந்தே எழுந்தது அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் சொந்தமாக இருந்ததால். அதே செடியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்களுக்கு அந்த வழி மட்டும் திறக்கவில்லை.

2024 தேர்தலில் மலையகப் பெண்கள் இருவர் முதன்முறையாகப் பாராளுமன்றம் போனார்கள்; ஒருவர் பதுளை மாவட்டத்தின் அம்பிகா சாமுவேல். கிட்ணன் செல்வராஜும் அதே மாவட்டத்தின் உறுப்பினர். அவர்கள் சபையில் கேட்க வேண்டியது டிஷ் எத்தனை, கையடக்கத் தொலைபேசி எத்தனை என்பதல்ல. பதுளை மாவட்டத்தில் எத்தனை தோட்டக் குடும்பங்களிடம் வங்கி ஏற்றுக்கொள்ளும் காணி உறுதி இருக்கிறது என்ற ஒரே எண்ணைத் தோட்டவாரியாகக் கேட்டுப் பெற வேண்டும். தரிசாகக் கிடக்கும் தோட்டக் காணியில் எவ்வளவு தொழிலாளருக்குப் பயிர்ச்செய்கைக்குப் பிரித்துத் தரப்படும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். கம்பனிகளின் 53 வருடக் குத்தகை 2045இல் முடிகிறது. அடுத்த குத்தகைப் பேச்சு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். அந்த மேசையில் லயத்துக்காரருக்கு ஒரு நாற்காலியை இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.